சம்பந்தி போட்ட பூ எங்கே போச்சு

மேற்குத் தாம்பரத்து ஏரியில் தொடங்கி அடையாற்றங்கரை வரை, கழுத்தில் தொங்கும் ஸ்பீக்கரோடும் காலில் வார் அறுந்த செருப்போடும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்சி செலுத்திவரும் உன் அப்பன், பெங்களூரில் ஏசிக் குளிரில் போர்த்திக்கொண்டு வேலை செய்யும் மாப்பிள்ளைப் பையனுக்கு எழுதுவது. நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். கோபத்தைப் போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். என் மனவேதனை உனக்கு அணில் கத்துவது மாதிரி கேட்கும். அதனால்தான் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். ஒரு ஆற்றின் கவலையையும் ஒரு அப்பனின் கவலையையும் சேர்த்துச் சுருட்டி இதைவிடச் சின்ன உறையில் போட முடியவில்லை.

நேற்றுக் காலை நம் நடைக்குழுவின் வாட்ஸாப்பில் உன் வருங்கால மாமனார் ஒரு கேள்வி கேட்டிருந்தார். குழுவில் இருக்கிற அத்தனை பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். நீயும் பார்த்தாய்; இன்று காலை அதற்குக் கீழே நான் போட்ட மழைப் படத்தில் உன் பெயருக்குப் பக்கத்தில் நீலக் குறி இருக்கிறது. மழைத்துளிக்கெல்லாம் படம் எடுத்துப் போட்டு, நத்தைக்குக்கூடக் கவிதை எழுதுகிற குழு அது. நேற்று முழுக்க ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வி என்ன, ஏன் ஒருவருக்கும் பதில் சொல்லத் துணிவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை உன்னோடு நிறுத்திக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். அதனால் தெரியாதவர்களுக்கும் சேர்த்து முதலிலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்.

மாதம் ஒரு ஞாயிறு, ஏரியிலிருந்து ஆறு வரை தண்ணீர் போகும் வழியில் ஆட்களைக் கூட்டிப்போகும் என் நடையின் சாரம் ஒரு வரிதான். நம் ஏரி நிரம்பினால், கலங்கல் என்று சொல்லப்படும் அந்தத் தாழ்ந்த கல்சுவர் மேல் தண்ணீர் வழியும். வழிந்தது போக்குக் கால்வாயில் இறங்கி, நாலைந்து தெருக்களுக்கு நடுவே ஓடி, அடையாற்றில் சேரும். ஆறு அனகாபுத்தூரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று உன் அம்மா சொல்வது பொய். ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீருக்கு வழி விடுங்கள் என்கிற சின்ன விஷயத்தை இந்த ஊருக்கு எத்தனை விதமாகச் சொல்வது? நான் சொல்லாத விதம் பாக்கி இல்லை. உன் சித்தி மகளின் காதுகுத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்; குழந்தை தோடு குத்தியதற்கு அழவில்லை, என் பேச்சுக்குத்தான் அழுதது என்று இன்றைக்கும் உன் சித்தி சாதிக்கிறாள். அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் படம் போட்டுச் சொன்னேன். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன, நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீரும் எப்படி ஆற்றுக்குச் சொந்தம் என்று தொண்டை வறள விளக்கி முடித்து, "யாருக்காவது கேள்வி இருக்கிறதா" என்றேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். என் கண்கள் பனித்தன. "சார், விசிட்டர் பார்க்கிங்ல யாரோ வெள்ளை கார் விட்டிருக்காங்க, அது உங்களுதா" என்றார்.

நடைக்கு வருகிறவர்கள் இவர்களுக்குப் பரவாயில்லை என்று நினைத்தால், அங்கே இன்னும் பெரிய சோதனை. லென்ஸ்காரர் ஒருவர் வருவார். அவர் தோளில் தொங்கும் லென்ஸ் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் ஜன்னலோரப் பயணி காலையில் பல் துலக்கினாரா என்று பார்த்துச் சொல்லும். அவருக்கு மீன்கொத்தி வேண்டும். மீன்கொத்திக்கு மீன் வேண்டும், மீனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நான் தொடங்கினால், "சார், கொஞ்சம் மெதுவா, பறந்துடும்" என்பார். இங்கே பறவை இல்லை என்றால் பள்ளிக்கரணையில் பூநாரை வந்திருக்கிறதாம் என்று பாதியில் கிளம்பிப் போய்விடுவார். இன்னொரு கூட்டம் கைக்கடிகாரத்தில் அடிக்கணக்குப் பார்க்கிற கூட்டம். நான் கால்வாய் ஓரமாக நின்று பேசும்போதெல்லாம் கணக்கு குறைந்துவிடும் என்று நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார்கள். எதிரே இப்படிப் பத்துப் பேர் குதித்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதன் ஆற்றைப் பற்றி எப்படித் துக்கமாகப் பேசுவான்? மீதிப் பேர் கடைசியில் கிடைக்கும் பொங்கலுக்கு வருகிறார்கள். அவர்கள்தான் நேர்மையானவர்கள்.

நம் பங்கு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மழைக்கு முன்னால் "கால்வாயை அடைக்காதீர்" என்று ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக் கலங்கல் பக்கத்து வேலியில் கட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்து, கால்வாயில் விழுந்து, முதல் பாலத்தின் வாயை அப்படியே மூடிக்கொண்டது. முட்டிக்கால் சேற்றில் நின்று நானே அதை இழுத்து எடுத்தேன். எழுத்து மட்டும் பளபளவென்று அப்படியே இருந்தது. அன்றிலிருந்து ஃப்ளெக்ஸ் கிடையாது. பூ மட்டும்தான்.

அந்தப் பூ உன் யோசனை. அதை மறந்துவிட்டாய், அதுதான் என் வயிற்றெரிச்சல். நடை தொடங்கிய புதிதில் நான், உன் அம்மா, ஸ்டெல்லா டீச்சர், காலேஜில் படித்துக்கொண்டிருந்த நீ, இவ்வளவுதான் சேனை. நான் கலங்கலில் நின்று கையை நீட்டி, "இங்கிருந்து அங்கே போகிறது" என்று வானத்தையும் பூமியையும் காட்டிக்கொண்டிருந்தேன். நீ கொட்டாவி விட்டுவிட்டு, "சும்மா கையைக் காட்டினா யாருக்கும் புரியாதுப்பா. எதையாவது தண்ணில போடுங்க. அது பின்னாடியே நடப்போம்" என்றாய். அடுத்த மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் உதிரிச் சாமந்தி வாங்கி வந்தோம். கலங்கலில் ஒரு கூடை மஞ்சள் பூ விழுந்து, நுரையோடு சேர்ந்து சுழன்று, கால்வாயில் வரிசை கட்டிப் போனதை அந்தத் தெருவே எட்டிப்பார்த்தது. என் ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை உன் ஒரு கூடைப் பூ செய்தது. ஓடுகிற பூவோடு நடக்கும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. இன்று வரை நம் நடையின் வழக்கம் அதுதான்: கலங்கலில் பூ போடுவது, பூவோடு நடப்பது, ஆற்றங்கரையில் நின்று பூவை வரவேற்பது.

வரவேற்பதாகத்தான் ஏற்பாடு. பூ ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. பாதி வழியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று மண்டபக்காரர் கால்வாயின் மேல் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார். தண்ணீர் நுழையும் பக்கம் ஒரு கம்பி வலை. உள்ளே எத்தனையோ கல்யாணத்தின் வாழையிலையும் பேப்பர் கப்பும் தெர்மாகோல் தூணும் சேர்ந்து, ஒரு அணைக்கட்டே எழும்பியிருக்கிறது. மன்னர்கள் கட்டிய அணைகூட இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. பூ வலை வரைக்கும் வரும், சொருகும், நிற்கும். தண்ணீர் மட்டும் எங்கேயோ இடுக்கில் கசிந்து அந்தப் பக்கம் போகும். அதனால் நம் நடையின் முக்கியமான நிறுத்தம் அந்த மண்டபத்து வாசல்தான். "இதோ, இங்கேதான் தண்ணீரின் கழுத்தில் காரை நிறுத்தியிருக்கிறார்கள்" என்று நான் சொல்லும் இடம். மண்டபக்காரரிடம் போய்க் கேட்டால், காபி கொடுத்து, "பேசிக்கலாம் சார்" என்பார். அந்தக் காபி நன்றாக இருக்கும் என்பது என் கோபத்தை இன்னும் கிளப்புகிறது.

மழை வலுத்தால் அந்த வலைக்கு முன்னால் தேங்குகிற தண்ணீர் பின்பக்கத் தெருவுக்குள் திரும்பும். அந்தத் தெருவில் முதல் வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தரைத்தளத்தில் தனியாக இருப்பவர். போன பெருமழைக்கு அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தது யார்? நீதான். ஃப்ரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தது யார்? நீதான். அன்றைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "அந்த மண்டபத்து ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று நீ கத்தியதைக் கேட்டு, என் மகன் என்று நெஞ்சு விரிந்து, என் சட்டையின் மேல் பொத்தானே தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் கீழே இறங்கவில்லை. போன மாதம் டீச்சரைக் கேட்டேன். "எங்க சார் இறக்கறது? தினமும் காலைல பால் எடுக்கும்போது, இறங்கலாமான்னு அதுவே கேக்குது. ஐப்பசி தாண்டட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்த நிலையில் உன் கல்யாணம் நிச்சயமானது. நித்யா நல்ல பெண். அவள் அப்பா, கீழ்க்கட்டளையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், அதைவிட நல்ல மனிதர். தாம்பூலம் மாற்றிய கையோடு, வாய் நிறைய வெற்றிலையோடு சொன்னார்: "மண்டபத்தப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க சம்பந்தி. உங்க ஏரியாவுலயே புட்ச்சுட்டேன். நம்ம தோஸ்துதான். அவுரு சமையல்கட்டுல கீற அண்டா, தவலை எல்லாம் நம்ம கடை சரக்கு." எந்த மண்டபம் என்று கேட்டேன். சொன்னார். உன் அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, அந்தக் கிள்ளில் பூமி ஒரு சுற்று நின்று திரும்பியது. ஐப்பசி முகூர்த்தம், கொட்டுகிற மாதம், அந்த மண்டபம்.

நான் என்ன சொல்ல முடியும்? மாப்பிள்ளையின் அப்பன் நான். பெண் வீட்டார் பிடித்த மண்டபத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டு அப்பன் வாயைத் திறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, முறுக்கு. மண்டபத்தில் குறை, அதற்கடுத்து சாப்பாட்டில் குறை, அப்புறம் சீரில் குறை என்று அவர்கள் வீட்டில் அன்றைக்கே கணக்குப் போட்டுவிடுவார்கள். அடையாறு நதியே நேரில் வந்து நான் சொல்வது சத்தியம் என்று சாட்சி சொன்னாலும் நம்ப மாட்டார்கள். உலகத்தில் எந்த மேடையிலும் வெட்கப்படாத என் வாய் அன்றைக்கு ஜாங்கிரியை மென்றுகொண்டு சும்மா இருந்தது.

அன்றிரவே நீ போன் செய்தாய். "அப்பா, ப்ளீஸ். கல்யாணம் முடியற வரைக்கும் அந்த மண்டபத்துப் பக்கம் வாக்கைக் கூட்டிட்டுப் போகாதீங்க. நித்யா வீட்ல யாராவது பார்த்தா அசிங்கம்" என்றாய். "நித்யாவுக்குச் சொன்னாயா" என்றேன். "எதுக்குப்பா? அவளுக்கு டென்ஷன் ஆகும். ஒரே ஒரு வாட்டி உங்க ஆத்தை விட்டுட்டு என்னைப் பாருங்க" என்றாய். அந்த ஒரு வரிக்காகச் சரி என்று சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த நடையில் பாதி வழியிலேயே பூவைக் கைவிட்டுவிட்டு, கூட்டத்தை இடதுபக்கம் திருப்பி, டயர் கடை, செல்போன் கடை, மூன்று ஏடிஎம் வழியாக ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். நீர்வழி நடை என்று பெயர் வைத்துக்கொண்டு டயர் கடை முன்னால் நின்று பேசிய முதல் மனிதன் உலக வரலாற்றிலேயே நானாகத்தான் இருப்பேன். அடிக்கணக்குக் கூட்டத்துக்கு மட்டும் மகிழ்ச்சி. சுற்று வழி என்பதால் கணக்கு ஏறியதாம். ஸ்டெல்லா டீச்சர் பொங்கலும் வாங்கிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

போன ஞாயிறு நடந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது கேள். விடிந்ததும் கலங்கலுக்குப் போனால், அங்கே பட்டுக்கரை வேட்டியில் உன் மாமனார் நிற்கிறார். கையில் தட்டு, தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம், தேங்காய். "இன்னா சம்பந்தி, இம்மாம் நாளா ஒரு வார்த்தை சொல்லல. ஆத்தப் பத்திப் பாடமே எடுக்கறீங்களாமே. நித்யா சொல்லித்தான் தெரியும். நமக்கு ஒரு பெருமைதான" என்றார். என் பேச்சைக் கேட்க ஒரு மனிதர் தானாக, கூப்பிடாமல், தேங்காயோடு வந்தது இதுவே முதல் முறை. வந்தவர் விருந்தாளி என்பதால் பூக்கூடையை அவர் கையில் கொடுத்தேன். புரட்டாசியில் பெய்த இரண்டு மூன்று இரவு மழையில் கலங்கல் மேல் தண்ணீர் மெல்லியதாக வழிந்துகொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ஒவ்வொரு கைப்பிடியாகப் பூவைப் போட்டார். லென்ஸ்காரர்கூடக் கேமராவை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

பிறகு அவர் நடந்தது நடை அல்ல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூவுக்குச் சமமாக ஓடினார். ஒரு பூ ஓரத்துப் புல்லில் சிக்கினால் குனிந்து குச்சியால் தள்ளிவிட்டார். "தோ, நம்மாளு மொதல்ல போறான் பாரு" என்று ஒரு பூவைத் தன் பூவாகத் தத்தெடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் என் சேனையில் இப்படி ஒரு வீரன் வந்ததில்லை. டயர் கடைப் பக்கம் திருப்ப வேண்டிய முனை வந்தது. நான் இடதுபக்கம் கையைக் காட்டினேன். "இன்னா சம்பந்தி, பூ நேரா போவுது, நாம எங்க போறோம்? நம்ம மண்டபம் இந்தாண்டதான கீது, அப்டியே ஒரு எட்டு பாத்துகினு போலாம் வாங்க" என்று நேரே போய்விட்டார். கூட்டம் முழுக்க அவர் பின்னால் போனது. என் ஸ்பீக்கர் மட்டும் இடதுபக்கம் பார்த்து நின்றது.

மண்டபத்து வாசலில் பூ வழக்கம்போல் காணாமல் போனது. வலை கான்கிரீட்டுக்கு அடியில், இருட்டில். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவர் குனியவில்லை. "பூ எங்க சம்பந்தி? இதுவரிக்கும் வந்துகினுதான இருந்துச்சு" என்றார். என்னைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் பதில் தெரியும். நான்தானே மாதாமாதம் அதே இடத்தில் நின்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "அடியில போயிருக்கு" என்றேன். "அடிலன்னா? நம்ம மண்டபத்துக்கு அடிலயா ஆத்துத் தண்ணி போவுது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "கங்கையே வந்து கொயந்த கல்யாணத்துக்குப் பூ போட்டுட்டுப் போறா சம்பந்தி. எந்த மண்டபத்துக்குக் கீது இந்த யோகம்" என்று மண்டபத்து வாசலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டெல்லா டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார்: "மழை வந்தா எங்க வீட்டு ஹாலுக்கும் வருவா சார், அந்த கங்கை." சம்பந்தி அதை நல்ல ஜோக் என்று நினைத்து, "உங்களுக்கும் யோகந்தான் டீச்சர்" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

ஆற்றங்கரையில் எல்லோரும் பொங்கல் தொன்னையோடு உட்கார்ந்தார்கள். அவர் உட்காரவில்லை. கால்வாய் ஆற்றில் இறங்கும் இடத்தில், கரைச் சேற்றில் வேட்டி நனைய நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன். "நீங்க சாப்டுங்க சம்பந்தி. பூ வந்துரட்டும், பாத்துட்டு வரேன்" என்றார். என் கையில் இருந்த பொங்கல் ஆறியது. கூட்டம் ஒவ்வொருவராகக் கிளம்பியது. திரும்பிப் பார்த்து, "தண்ணி இந்த ஓட்டம் ஓடுது, பூ இன்னும் ஏன் வரல?" என்றார். அவர் வியாபாரி, சரக்கு ஏற்றினால் எப்போது வந்து சேரும் என்று தெரிந்தவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வரும் சம்பந்தி. மெதுவாத்தான் வரும்" என்றேன். உனக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே. நான் சொன்னதை நம்பி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஊரெல்லாம் கூவிக் கூவிச் சொன்ன விஷயத்தை, அதைக் கேட்க ஆசையாக வந்த ஒரே மனிதருக்கு மட்டும் சொல்லாமல் மறைத்தேன். இதைவிடப் பெரிய கேலிக்கூத்தை நான் மிகைப்படுத்திக்கூடச் சொல்ல முடியாது.

அன்று மதியமே குழுவில் சேர்ந்துவிட்டார். தினமும் ரோஜாப்பூ வைத்துக் காலை வணக்கம் போடுகிறார். நேற்றுப் போட்டது அந்தக் கேள்வி: "ஞாயித்துக்கிழமை நான் விட்ட பூ யாருக்காவது ஆத்துல தெம்பட்டுச்சா?" இதற்குத்தான் பதில் இல்லை. உன் நீலக் குறி உட்பட.

இப்போது உன்னிடம் சண்டை போடுகிறேன், கேட்டுக்கொள். அசிங்கம் என்றாயே, எது அசிங்கம்? மண்டபத்துக்கு அடியில் கால்வாய் அடைபட்டுக் கிடப்பதை அவர் தெரிந்துகொள்வதா? அல்லது ஒரு குழு முழுக்கத் தெரிந்து வைத்துக்கொண்டு, அவர் வாசல்படியைத் தொட்டுக் கும்பிடும்போது தரையைப் பார்ப்பதா? அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து அவரை ஊர் நடுவே தனியாக நிற்க வைத்திருக்கிறோம். டென்ஷன் ஆகும் என்று நித்யாவிடம் ஒன்றை மறைத்திருக்கிறாய். நாளைக்கு அவள் இந்த வீட்டுக்கு வந்து, ஸ்டெல்லா டீச்சரைப் பார்க்கப் போய், ஃப்ரிட்ஜ் ஏன் செங்கல் மேல் நிற்கிறது என்று கேட்பாள். டீச்சர் பொய் சொல்ல மாட்டார். கல்யாண வாழ்க்கையைப் பற்றி உனக்கு நான் புத்தி சொல்லத் தகுதி உள்ளவனா என்று உன் அம்மாவைக் கேட்டால் அவள் பதிலுக்கு நீ காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் அம்மாவின் பேச்சில் எத்தனையோ நாள் அடிபட்டிருக்கிறேன். அவள் பேசாமல் விட்ட நாட்களில்தான் பயந்திருக்கிறேன்.

இன்னொன்று உன் மண்டையில் ஏன் உதிக்கவில்லை என்பது என் தீராத எரிச்சல். மண்டபக்காரர் எனக்குக் காபிதான் கொடுப்பார். உன் மாமனார் சொன்னால் கடப்பாரையை எடுப்பார். உன் மாமனாருக்கு நண்பர், அவர் கடை அண்டாவில் சாம்பார் வைப்பவர், இந்த ஐப்பசியில் அவர் வீட்டுக் கல்யாணத்தை நடத்தப்போகிறவர். "என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னால அந்த மூடியத் தொறந்து சுத்தம் பண்ணுய்யா" என்று உரிமையோடு கேட்க இந்தத் தாம்பரம் முழுக்க அவர் ஒருவருக்குத்தான் வாய் உண்டு. அந்த வாயைத்தான் நீ பொத்தி வைத்திருக்கிறாய். மண்டபத்தை மாற்றச் சொல்லவில்லை. அங்கேயே தாலி கட்டு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுகிறேன். ஆனால் நாதஸ்வரம் வாசிக்கிற நேரத்தில் பின்தெருவில் டீச்சர் முழங்கால் தண்ணீரில் நின்றால், என் அட்சதை உன் தலையில் விழாது, கை வராது.

இதை நான் அவரிடம் சொன்னால் முறுக்கு. மாப்பிள்ளை நீ போய்ச் சொன்னால் அது பிள்ளை கேட்கிற உதவி. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதற்காகத்தான் இந்தக் காகிதம் முழுக்க எழுதினேன். இந்தக் கடிதம் இப்போது உன் கையில் மட்டும் இருக்கிறது. வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் இதன் நகலைப் படமெடுத்து நம் குழுவில் போடுவேன். உன் மாமனாரின் கேள்விக்கு அதுதான் பதில். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கிறவர் என்பதை நினைவில் வை. அதற்குள் பஸ் ஏறி வந்து, கீழ்க்கட்டளைக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உன் வாயால் சொல்லிவிடு. நித்யாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள். பட மாட்டார் என்று நினைக்கிறேன். பூவைக் குச்சியால் தள்ளிவிட்டுக்கொண்டே வந்த மனிதர் அவர்.

வருகிற ஞாயிறு மாதக் கணக்கில் வராத ஒரு நடை. டயர் கடைப் பக்கம் திரும்ப மாட்டேன். சாமந்தி நீ வாங்கி வா, சரமாக வேண்டாம், உதிரியாக. கலங்கலில் இந்த முறை நீயே போடு; முதலில் சொன்னவன் நீ. நாங்கள் சம்பந்திகள் இருவரும் முன்னதாகவே ஆற்றங்கரைக்குப் போய் அவர் நின்ற அதே சேற்றில் நிற்கிறோம். பூ வந்தால் உனக்கு நான் போன் செய்கிறேன். வராவிட்டால் அவர் செய்வார், மண்டபக்காரருக்கு.